எந்த நாடு என்று கேட்டால்

“நீங்கள் எந்த நாடு?”

அவுஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து எங்களிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். பஸ் தரிப்பிடத்தில் கேட்பார்கள். வைத்தியரைப் பார்க்கக் காத்திருக்கும்போது பக்கத்துக் கதிரையில் இருப்பவர் கேட்பார். வேலைத்தலத்தில் முதல் நாளே கேட்பார்கள். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. எங்கள் ஊரில் புதிதாக ஒருவர் வந்தால் “தம்பி எவடம்?” என்று கேட்காமல் விடுவோமா? அதுபோலத்தான் இதுவும்.

சங்கடம் கேள்வியில் இல்லை, பதிலில்தான் இருக்கிறது. “ஸ்ரீ லங்கா” என்று சொன்னவுடன் கேட்டவரின் முகத்தில் ஏதோ ஒரு படம் ஓடுவது எங்களுக்குத் தெரியும். அந்தப் படங்கள் நாலே நாலுதான்: கிறிக்கெட், தேயிலை, குண்டு, படகு. நாங்கள் பிறந்து வளர்ந்த வீடும், படித்த பள்ளிக்கூடமும், இடம்பெயர்ந்து நடந்த தெருக்களும் எல்லாம் இந்த நாலு படத்துக்குள் அடங்கிவிட வேண்டும்.

இந்தப் படங்களோடு நாங்கள் பட்ட பாட்டையும், மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குக் காரில் போய்வந்த ஒரு பயணத்தில் கற்றுக்கொண்டதையும், புதிதாகக் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம். நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. சாதாரண தரத்தோடு எங்கள் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. சொல்வதில் பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கணவன் மனைவி இருவரும் டண்டினோங் பக்கத்தில் மரக்கறி வெட்டிப் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். காலை ஒன்பது மணிக்கு ‘ஸ்மோக்கோ’ என்று ஒரு சிறிய இடைவேளை விடுவார்கள். முதல் கிழமை அந்த அறையில் வைத்து ஃபோர்க்லிஃப்ற் ஓட்டும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “ஸ்ரீ லங்கா” என்றோம். “ஓ, படகா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் புலி மாதிரிக் கையை விரித்து உறுமிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் இருந்தால் வேறு ஏதும் நினைப்பார்களோ என்ற பயம்.

அந்தப் பயம் வெறும் பயமல்ல. 2013, 2014ஆம் ஆண்டுகளில், படகில் வந்தால் அவுஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று அரசாங்கமே பல மொழிகளில் விளம்பரம் செய்தது. அதில் தமிழும் ஒன்று. எங்கள் தாய்மொழியை இந்த நாட்டு அரசாங்க விளம்பரத்தில் நாங்கள் முதன்முதலில் வாசித்தது அப்படித்தான். 2012ஆம் ஆண்டு படகில் வந்த எங்களுக்கு நிரந்தர விஸாவுக்கான வழி 2023ஆம் ஆண்டில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் யாரிடம் எதைச் சொல்வது என்று ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பேசப் பழகிவிட்டோம்.

ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தோம். யாராவது கேட்டால் “இந்தியா, தென்னிந்தியா” என்று சொல்லத் தொடங்கினோம். தமிழ் அங்கும் உண்டு, கோயில் உண்டு, தோசை உண்டு. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. “ஓ, தாஜ்மஹால்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தாஜ்மஹாலை நாங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஆனாலும் படகு என்ற சொல்லைக் கேட்பதைவிட அது சுகமாக இருந்தது. வருடக்கணக்காக இப்படியே காலம் ஓட்டினோம்.

ஒரு சனிக்கிழமை டண்டினோங் சந்தைக்குப் போயிருந்தோம். 1866ஆம் ஆண்டு தொடங்கிய பழைய சந்தை அது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிறந்தவர்கள் வாழும் நகரம் என்பதால் அங்கே எல்லா நாட்டு முகத்தையும் காணலாம். முருங்கைக்காய், வாழைப்பூ, பாகற்காய் எல்லாம் கிடைக்கும். மரக்கறி விற்ற மனிதர் காசை வாங்கிக்கொண்டு “எந்த நாடு?” என்று கேட்டார். வாய் பழகிப்போய் “இந்தியா” என்றோம். பக்கத்தில் நின்ற எங்கள் மகள், அப்போது ஏழு வயது, தலையை நிமிர்த்தி “நோ, பொயின்ற் பீட்ரோ!” என்றாள்.

பருத்தித்துறை என்ற ஊரை அவள் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக் கதைத்து அந்தப் பெயரைத் தனது ஊர் என்று மனதில் வைத்திருக்கிறாள். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரில் ஏறியதும் அவள் கேட்டாள்: “ஏன் இந்தியா எண்டு சொன்னனீங்கள்? பொய் சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

வீட்டுக்கு வரும்வரை எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த வருட முடிவில் தொழிற்சாலை நத்தார் விடுமுறைக்கு மூடியபோது சிட்னிக்குப் புறப்பட்டோம். மச்சான் குடும்பம் ரூங்காபியில் இருக்கிறது. ஹியூம் நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 880 கிலோமீற்றர். புதிதாகக் கார் ஓடுபவர்களுக்கு ஒரு சொல்: விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி இளைப்பாறுங்கள். கோடையில் தண்ணீர் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். ஒரே மூச்சில் ஓடி முடிக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். வழியில் பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு.

முதலாவது இடம் பொனகில்லா. விக்ரோறியா மாநிலத்தின் எல்லையில் இருக்கும் வொடொங்காவிலிருந்து சிறிது தூரம் உள்ளே போக வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களை முதலில் இங்கேதான் கொண்டுவந்து இறக்கினார்கள். 1947 முதல் 1971 வரை 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்த முகாம் வழியாகப் போயிருக்கிறார்கள். அவர்கள் இருந்த குடில்களில் ஒரு பகுதி இன்றும் அப்படியே நிற்கிறது. தகரமும் பலகையும்தான். உள்ளே இரும்புக் கட்டில், சாம்பல் நிறப் போர்வை. எங்களுக்கு அது புதிய காட்சியாக இருக்கவில்லை. முகாம் என்றால் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும் போலிருக்கிறது.

போலந்துக்காரர், ஜேர்மனியர், இத்தாலியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர் என்று எத்தனையோ இனத்தவர் இங்கு வந்தார்கள். அகதிகளை அந்தக் காலத்தில் ‘ரெஃபோ’ என்று கேலியாக அழைத்தார்கள். இத்தாலியன் என்றால் உள்ளி மணக்கும், கத்தி வைத்திருப்பான் என்று பேசினார்கள். சொன்ன வேலை கிடைக்கவில்லை என்று 1952இலும் 1961இலும் இந்த முகாமில் இருந்தவர்கள் கிளர்ச்சி செய்தும் இருக்கிறார்கள். இன்றைக்கு அதே இத்தாலியரின் உள்ளி போட்ட சாப்பாடு இல்லாத ஊர் அவுஸ்திரேலியாவில் உண்டா? எங்கள் தொழிற்சாலையிலும் பெட்டி பெட்டியாக உள்ளி உரித்து அனுப்புகிறோம்.

அங்கிருந்து அல்பரியைக் கடந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஹொல்புறூக் என்ற சின்ன ஊர் வரும். 2013ஆம் ஆண்டுக்குப் பிறகு பெருந்தெரு ஊருக்கு வெளியால் போவதால் நாங்களாகத்தான் திரும்பி உள்ளே போக வேண்டும். போனால் ஒரு புதினம் பார்க்கலாம். கடலே இல்லாத அந்த ஊரின் நடுவில், புல்வெளியின் மேல், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது! அவுஸ்திரேலியக் கடற்படையின் ‘ஒற்வே’ என்ற கப்பலின் மேற்பாகம் அது. மகள் அதன் மேல் ஏறி இறங்கி விளையாடினாள்.

ஏன் இங்கே கப்பல் என்று அங்கு எழுதி வைத்திருப்பதை வாசித்தோம். அந்த ஊரின் பழைய பெயர் ஹொல்புறூக் அல்ல, ஜேர்மன்ரன். ஜேர்மனியர் குடியேறிய இடம் என்பதால் வந்த பெயர். 1914இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கி ஜேர்மனி எதிரி நாடு ஆனது. ஜேர்மன் என்ற சொல்லே கூடாத சொல்லாகிவிட்டது. 1915ஆம் ஆண்டு ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள். துருக்கிய யுத்தக் கப்பல் ஒன்றை மூழ்கடித்து விக்ரோறியா சிலுவைப் பதக்கம் பெற்ற பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் நோர்மன் ஹொல்புறூக்கின் பெயரை வைத்தார்கள். இந்த ஊர் மட்டுமல்ல, தென் அவுஸ்திரேலியாவில் 69 ஊர்களின் ஜேர்மன் பெயர்களை அந்த யுத்தகாலத்தில் மாற்றினார்கள். பெயர் மட்டுமா? ஏறக்குறைய 7,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பலர் வருடக்கணக்காக இங்கே வாழ்ந்து, கடை வைத்து, பிள்ளை பெற்றவர்கள்.

நாங்கள் அந்தக் கப்பலின் நிழலில் இருந்து பிட்டுச் சாப்பிட்டோம். ஒரு ஊர் முழுவதும் தன் பெயரை மறைத்துக்கொண்டதென்றால், சந்தையில் நின்று “இந்தியா” என்று சொன்ன நாங்கள் எம்மாத்திரம்! மறைத்ததால் அந்த ஊருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று சொல்லலாம். ஆனால் நூறு வருடம் கழிந்தும், வழியில் போகிறவர்களுக்குத் தன் பழைய பெயரை அந்த ஊரே பலகையில் எழிதிக் காட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை மாற்றலாம், மறக்க முடியாது போலும்.

திரும்பி வந்தபின் டண்டினோங் நூலகத்தில் இதைப்பற்றி மேலும் தேடியபோது இன்னொரு கதை கிடைத்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடிவந்த யூதர்கள் பலரை, ஜேர்மன் நாட்டவர் என்ற காரணத்துக்காக பிரித்தானியா பிடித்து ‘டுனேரா’ என்ற கப்பலில் ஏற்றியது. 1940 ஜூலையில் புறப்பட்ட கப்பல் செப்ரெம்பரில் சிட்னிக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸில் ஹே என்ற இடத்திலும் விக்ரோறியாவில் ரற்றூரா என்ற இடத்திலும் முட்கம்பிக்குள் வைத்தார்கள். எந்த நாடு அவர்களைக் கொல்லத் துரத்தியதோ, அந்த நாட்டுக்காரர் என்று சொல்லி அவர்களை அடைத்தார்கள்!

இதை வாசித்தபோது எங்களுக்கு எங்கள் நினைவுதான் வந்தது. 2022ஆம் ஆண்டு இலங்கையில் பெற்றோலும் இல்லை, மருந்தும் இல்லை என்று உலகச் செய்தியாக இருந்த நேரம், வேலைத்தலத்தில் ஒருவர் “உங்கள் நாட்டில் எல்லோரும் கள்ளர்” என்றார். எங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எங்கள் சனம் எவ்வளவு பாடுபட்டு உழைக்கிற சனம், எத்தனை வைத்தியர்கள், எத்தனை ஆசிரியர்கள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் வழக்காடினோம். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பாக இருந்தது. எங்களைத் துரத்திய நாட்டுக்காக நாங்களே வழக்குப் பேசியிருக்கிறோம்! ஆனால் யோசித்துப் பார்த்தால் நாங்கள் அரசாங்கத்துக்காகப் பேசவில்லை. அங்கே இன்னும் இருக்கிற அம்மாவுக்காகவும், அயலட்டைக்காகவும், படிப்பித்த வாத்தியாருக்காகவும் பேசியிருக்கிறோம். நாடு வேறு, அதை ஆள்பவர் வேறு, அங்கே வாழ்கிற சனம் வேறு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாததால்தான் இத்தனை காலமும் “இந்தியா” என்று ஒளித்திருக்கிறோம்.

பயணத்துக்கு வருவோம். கண்டகாயில் சாப்பாட்டுப் பெட்டிக்குக் காவல் இருக்கும் நாயின் சிலையைப் பார்த்தோம். அங்கே ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேநீரைக் குடித்தோம். தேயிலைப் பெட்டியின் மேலே கொழுந்து பறிக்கும் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். இதுவும் அந்த நாலு படங்களில் ஒன்றுதானே. அந்தப் பெண் மலையகத் தமிழ்ப் பெண் என்பது இங்கே தேநீர் குடிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவளுடைய பாட்டன் பூட்டன்மார் தென்னிந்தியாவிலிருந்து வந்து காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து அவர்களைத் தலைக்கணக்காகப் பங்கு போட்டார்கள். இதையெல்லாம் மகளுக்குச் சொன்னபோது “அப்ப அவவின்ரை நாடு எது?” என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

சிட்னி வந்து சேர இருட்டிவிட்டது. வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில், ரூங்காபி பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெருவில் தமிழ் கேட்கும், கடைப் பலகையில் தமிழ் இருக்கும். அடுத்த நாள் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனோம். அதன் அடுத்த நாள் ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயில். 1985இல் குடமுழுக்குக் கண்ட கோயில். காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் வெள்ளைக் கோபுரத்தைக் கண்டதும் மனம் நிறைந்துவிட்டது. இரண்டு நாளும் “எந்த நாடு?” என்று ஒருவரும் கேட்கவில்லை. இனி நிம்மதி என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் ஒரு வீட்டில் விருந்து. அங்கே கேள்வி வேறு விதமாக வந்தது. முதலில் “ஊரிலை எவடம்?” பிறகு “எப்ப வந்தனீங்கள்?” அதற்குப் பிறகு “எப்பிடி வந்தனீங்கள்?” நாங்கள் சொன்னதும் கேட்ட பெரியவர் “ஆ, படகிலையோ” என்று இழுத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக் கதைக்கத் தொடங்கினார். சமையலறையில் ஒரு அம்மா, “நாங்கள் முப்பது வருசமாய்ச் சேர்த்த நல்ல பேர் இப்ப படகு எண்டு போச்சு” என்று சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

ஃபோர்க்லிஃப்ற் பெரியவர் சொன்னபோது நோகாத நோ அன்று நொந்தது. அவர் அந்நியர், தெரியாமல் சொன்னார். இவர்கள் எங்கள் மொழியிலேயே சொன்னார்கள். ஆனால் அவர்களைக் குறை சொல்லி முடிக்க இதை எழுதவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு கையில் ஒன்றுமில்லாமல் வந்து, படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் கடினப்பட்டு, இந்த நாட்டில் மரியாதை தேடியவர்கள் அவர்கள். அந்த மரியாதை போய்விடுமோ என்று அவர்களுக்கும் பயம். நாங்கள் இந்தியா என்று ஒளித்ததும், அவர்கள் படகு வேறு நாங்கள் வேறு என்று ஒதுங்கியதும் ஒரே பயத்தின் இரண்டு பக்கம்தான்.

அன்று இரவு மச்சானோடு கதைத்தபோது எங்கள் பக்கத்துக் கணக்கையும் பார்த்தோம். அது ஒன்றும் சுத்தமான கணக்கல்ல. எங்கள் தெருவில் ஒரு சூடான் குடும்பம் வந்தபோது நாங்கள் இரவில் கேற்றைப் பூட்டத் தொடங்கினோம். அவர்கள் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. வெள்ளைக்காரர் என்றால் குடிப்பார்கள், தாய் தகப்பனைப் பார்க்கமாட்டார்கள் என்று ஊரிலேயே முடிவுகட்டிக்கொண்டு வந்தோம். அதே ஃபோர்க்லிஃப்ற் பெரியவர், முதியோர் இல்லத்தில் இருக்கும் தாய்க்குத் தினமும் வேலை முடிந்து போய்ச் சோறூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியவந்தது மூன்று வருடம் கழித்து. அதையும் அவர் சொல்லவில்லை. எங்களோடு வேலை செய்யும் வியட்நாம் அக்காதான் சொன்னா. அந்த அக்காவும் ஒரு காலத்தில் படகில் வந்தவதான்.

மச்சான் பிலோயீலாவை நினைவுபடுத்தினார். குவீன்ஸ்லாந்தில் மாடு வளர்ப்பும் நிலக்கரிச் சுரங்கமும் உள்ள சிறிய ஊர் அது. 2018 மார்ச்சில் விடியப்புறம் பிரியா, நடேசலிங்கம் குடும்பத்தை இரண்டு குழந்தைகளோடு பிடித்துக்கொண்டு போனபோது, அந்த ஊர்ச்சனம் விடவில்லை. நாலு வருடம் போராடியது. மெல்பேர்ண் தடுப்பு முகாம், கிறிஸ்மஸ் தீவு என்று அலைந்த குடும்பம் 2022 ஜூனில் ஊர் திரும்பியது. அந்த ஓகஸ்டில் நிரந்தர விஸாவும் கிடைத்தது. இலங்கைப் பிரச்சினையைப் படித்து அறிந்துகொண்டா அந்தச் சனம் போராடியது? இல்லை. அவர்களுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். தெரிந்த முகத்தின் மேல் படத்தை ஒட்ட முடியாது. இதுதான் எங்களுக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த பாடம்.

ஜனவரியில் வேலை தொடங்கியது. ஸ்மோக்கோ அறையில் கிறிக்கெட் பேச்சு. ஃபோர்க்லிஃப்ற் பெரியவர் எங்களைப் பார்த்து, “முரளி எறிகிறவன்தானே” என்று சீண்டினார். எங்களை இந்தியர் என்று எண்ணிச் சொன்னாரோ, முதல் கிழமை சொன்னதை மறக்காமல் சொன்னாரோ தெரியாது. வழக்கமாக என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அன்று சொன்னோம்.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர் முரளிதரனின் பந்தை ஏழு தடவை பிழை என்றார். 1996இல் இதே நாட்டில், மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவருடைய கையைப் பரிசோதித்தார்கள். பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராது, பார்ப்பவர் கண்ணுக்கு எறிவதுபோலத் தோன்றுகிறது என்பது தெரியவந்தது. அதன் பிறகும் 2004இல் இந்த நாட்டுப் பிரதமர் ஜோன் ஹவார்ட்டே அவரை எறிபவர் என்று சொன்னார். ஷேன் வோர்ண் எடுத்த ரெஸ்ற் விக்கெற்றுகள் 708. முரளி எடுத்தது 800. “அவர் தமிழர். கண்டியில் பிறந்தவர், தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் பேரன். அவருடைய அரசியல் பேச்சு எங்களில் பலருக்குப் பிடிக்காது. ஆனால் பந்து சரியான பந்துதான்” என்றோம்.

அறையில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் நீங்கள் இந்தியா இல்லையா?” என்றார். “இல்லை. இலங்கை. பருத்தித்துறை. தீவின் வடக்கு முனை. ஓம், படகில்தான் வந்தோம்” என்றோம். சொல்லும்போது குரல் நடுங்கியது உண்மை. அவர் தொலைபேசியை எடுத்து வரைபடத்தில் தேடினார். “கடற்கரையிலேயே இருக்கிறதே! என்ன மீன் படும்?” என்று கேட்டார். அவர் விடுமுறையில் தூண்டில் போடுகிறவர். விளைமீன், பாரை, சூடை என்று சொல்லி, கையால் அளவு காட்டினோம். புளி விட்டு எப்படிக் குழம்பு வைப்பது என்று கேட்டார். ஸ்மோக்கோ முடியும் மணி அடித்துவிட்டது.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. புலி மாதிரி உறுமியவர் இன்னும் சில நாளில் உறுமுவார். இப்போது அதற்கு நாங்கள் சிரிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் பெரியவர் திங்கட்கிழமைகளில் என்ன மீன் பட்டது என்று எங்களிடம் வந்து சொல்கிறார்.

மார்ச் 21ஆம் திகதியை ஒட்டிப் பள்ளிக்கூடங்களில் ‘ஹாமனி டே’ கொண்டாடுவார்கள். உங்கள் பிள்ளைகளும் செம்மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள். எங்கள் மகளிடம் தன் நாட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் கொடி கொண்டுவருகிறார்கள் என்றாள். எங்களுக்குக் கொடி என்றால் நூறு விளக்கம் சொல்ல வேண்டும். அம்மம்மா அனுப்பிய பனையோலைப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டோம். “பொயின்ற் பீட்ரோ எண்டு சொன்னனான். ரீச்சர் மப்பிலை கண்டுபிடிச்சவா” என்று வந்து சொன்னாள்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். தெருவில் கேட்கிறவர் எல்லோருக்கும் உங்கள் கதையைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விருப்பமில்லாவிட்டால் சிரித்துவிட்டு வேறு கதை கதையுங்கள். ஆனால் பிள்ளைகள் பார்க்க வேறு நாட்டின் பெயரைச் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். அரசாங்க அலுவலகங்களில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆங்கிலம் போதாது என்றால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் குடிசனக் கணக்கெடுப்பில் வம்சாவளி என்ற கேள்விக்குத் தமிழ் என்று எழுதலாம். வீட்டில் பேசும் மொழி தமிழ் என்று 2021இல் 95 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதியிருக்கிறார்கள். வேலைத்தலத்தில் பகிடி எல்லை மீறி இனத்தைச் சொல்லித் துன்புறுத்தினால், 1975ஆம் ஆண்டிலிருந்தே அதற்கு எதிரான சட்டம் இந்த நாட்டில் உண்டு. மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

முடிவாக ஒன்று. “எந்த நாடு?” என்று கேட்டால் நாட்டின் பெயரோடு நிறுத்தாமல் உங்கள் ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். முல்லைத்தீவு, மூதூர், மட்டக்களப்பு, மன்னார், ஹற்றன், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். நாட்டின் பெயரைக் கேட்டால் அவர்களிடம் ஏற்கனவே ஒரு படம் இருக்கிறது. ஊரின் பெயரைக் கேட்டால் இல்லை. அதனால் அடுத்த கேள்வியை உங்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

அப்படியே நாங்களும் கேட்போம். எங்கள் தெருவின் சூடான் குடும்பத்திடம் போன மாதம்தான் அவர்களுடைய ஊரின் பெயரைக் கேட்டோம். ஐந்து வருடம் பிந்திவிட்டது.